கடைசி சைக்கிள்

“சார், இன்னிக்கு நீங்கதான் வால்” என்றார் கேப்டன்.

கூடியிருந்த பதினெட்டுப் பேரும் கை தட்டினார்கள். சைக்கிள் சங்கத்தில் வால் என்றால் கேலி இல்லை, பொறுப்பு. எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். யார் நின்றாலும் நிற்க வேண்டும். என்ன ஆனாலும் யாரையும் முந்தக் கூடாது.

“முப்பத்தி நாலு வருஷம் ரயில்ல கார்டா கடைசிப் பெட்டியில நின்னவர் நீங்க. உங்களை விட்டா இதுக்கு யார் இருக்கா?”

கார்டுக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் கழித்து இன்றைக்குத்தான் சைக்கிளை வெளியே எடுத்திருக்கிறார். அதுவும் சும்மா கிடைக்கவில்லை, ஒரு மாதம் மனைவியோடு மல்லுக்கட்டி வாங்கிய அனுமதி.

“முடியாதவங்களை ஏத்திக்கப் பின்னாடி ஒரு வேன் வருமே, அதுல நீங்க ஒரு தடவை ஏறினீங்கன்னு கேள்விப்பட்டேன், மறுநாளே சைக்கிளை வித்துடுவேன்” என்று சொல்லித்தான் அனுப்பினாள். சொன்னால் செய்கிறவள். அவருடைய மோட்டார் சைக்கிள் அப்படித்தான் போயிற்று.

நாற்பது கிலோமீட்டர். ஏரிக்கரையில் குடும்பங்களோடு மதியச் சாப்பாடு. மனைவி அங்கே வந்து காத்திருப்பாள். வேனில் போய் இறங்கினால் அவ்வளவுதான்.

ஊரைத் தாண்டி வயல்வெளிக்குள் நுழைந்ததுமே, இன்று தன் தலையில் கட்டியிருப்பது யாரை என்று கார்டுக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வயசுப் பெண், இன்றுதான் முதல் தடவை வருகிறாள். பேர் கேட்கக்கூடப் பொறுமையில்லாமல் ‘புதுசு’ என்று வைத்துவிட்டார்கள்.

புதுசு முதல் மேட்டிலேயே இறங்கிவிட்டாள். “அங்கிள், ஒரு நிமிஷம். மூச்சு வாங்குது.”

“வாங்கட்டும்மா. மெதுவா வாங்கு, ஒண்ணும் அவசரமில்ல.”

கார்டும் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் அதற்குள் வளைவில் மறைந்துவிட்டார்கள்.

அடுத்த மேட்டில் அவளுக்குத் தாகம். அதற்கடுத்த மேட்டில் ஓர் ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டாள். “ஐயோ, என்ன அழகு!” என்று அதை நாலு போட்டோ எடுத்தாள். ஆடு கூட அலுத்துப் போய் நகர்ந்துவிட்டது, இவள் நகரவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கார்டு தலையில் அடித்துக்கொண்டார்.

ஓட்டும்போதும் வாய் ஓயவில்லை. உங்களுக்கு எத்தனை பசங்க, பேரன் என்ன படிக்கிறான், ரயில்ல பேய் பார்த்திருக்கீங்களா என்று முன்னாலிருந்தே கேள்வி மேல் கேள்வி. பதில் சொல்லாவிட்டால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“முன்னாடி பார்த்து ஓட்டும்மா! குழியில விட்டுடப் போற.”

பாதி தூரத்தில் வேன் பக்கத்தில் வந்து ஊர்ந்தது. டிரைவர் தலையை நீட்டினார். “என்ன சார், யாராவது ஏறுறீங்களா?”

கார்டு அவசரமாக மனக்கணக்குப் போட்டார். புதுசு ஏறினால், வால் மட்டும் தனியாக வந்து என்ன செய்வது என்று தன்னையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள்.

“யாரும் ஏறல. நீ போப்பா!” என்று கத்தினார். பிறகு அவளிடம், “அதுல மட்டும் ஏறிடாதம்மா. அப்புறம் சங்கத்துல தலைகாட்ட முடியாது” என்றார்.

“நீங்க கூட இருந்தா நான் எதுக்கு ஏறணும், அங்கிள்?”

கோபம் பாதி இறங்கிவிட்டது. பாவம், நல்ல பெண்தான்.

கடைசி மேடு கொஞ்சம் செங்குத்து. அந்தப் பக்கம் சங்கத்துக்காரர்கள் சிரிப்பது காற்றில் கேட்டது. கார்டுக்குக் கால் துறுதுறுத்தது. ஒரே அழுத்து அழுத்தினால் ஏறிவிடலாம், ஆறு மாதமாக ‘ஐயோ பாவம்’ என்று பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் புதுசு இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். வால் முந்தலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு இவரும் இறங்கித் தள்ளினார்.

ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது மற்றவர்கள் பாதி சாப்பாட்டில் இருந்தார்கள். மனைவி ஓடி வந்தாள். “வேன்ல ஏறினீங்களா?”

“நானா? நல்லா கேட்டே! ஏற இருந்தவளை ஏற விடாம நாற்பது கிலோமீட்டரும் கூட்டிட்டு வந்திருக்கேன். நான் இல்லேன்னா அந்தப் பொண்ணு இந்நேரம் ஏதாவது பாலத்தடியில உட்கார்ந்து அழுதுட்டிருக்கும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “சரி, சைக்கிளை விக்கல. அடுத்த மாசமும் போயிட்டு வாங்க.”

கார்டுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. “போறேன். ஆனா அந்தப் புதுசை மட்டும் வேற யார் தலையிலயாவது கட்டச் சொல்றேன். ஆளை விடு, என்னால முடியாது.”

“அவ வந்தாத்தான் நீங்க போகலாம்.”

“ஏன், அவ என்ன உன் சொந்தமா?”

மனைவி சாப்பாட்டுத் தட்டை அவர் கையில் கொடுத்தாள். “யாரையும் முந்தக் கூடாதுன்னு கட்டிப்போட்டாத்தான் நீங்க மெதுவாப் போவீங்க. அதான் உங்களை வாலாப் போடச் சொல்லி கேப்டன்கிட்ட நானே கேட்டேன். உங்க முன்னாடி வந்தவ அவரோட தங்கச்சி. உங்களுக்காகவே லீவு போட்டுட்டு வெளியூர்லேருந்து வந்திருக்கா. இருதய டாக்டர். போன வருஷம் முந்நூறு கிலோமீட்டர் போட்டியில, கடைசி வரைக்கும் அவளை ஒருத்தராலயும் பிடிக்க முடியலையாம்!”