வீட்டுக்கு வீடு வேறு எபிசோட்

‘கலகல டிப்போ’ டிவி நகைச்சுவைத் தொடர் முப்பது வருடமாக ஓடுகிறது. இப்போது வீட்டுக்கு வீடு வேறு எபிசோட். ஒரு வீட்டில் எவ்வளவு சிரிக்கிறார்களோ அந்த அளவுக்குத்தான் அங்கே நகைச்சுவை வரும். சிரிப்பு நின்றுபோன வீட்டில் நடிகர்களும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

“தரம் போச்சுங்கறாங்க. எங்க வீட்ல நேத்து வயிறு வலிக்கச் சிரிச்சோம்,” என்றான் ஸ்டீபன், அலுவலகக் கேண்டீனில். “உங்க வீட்ல எப்படிக்கா?”

பரிமளம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “பிரமாதம். நேத்து எபிசோட்ல ஊசி போட வந்த நர்ஸே மயங்கி விழுந்தாளே! எங்க வீட்டுக்காரரும் நானும் ஒரே சிரிப்பு.”

பழைய ரசிகனான ஸ்டீபனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அது பதினோராவது வருஷத்து சீன் ஆச்சேக்கா. அந்தக் காலத்துல எல்லார் வீட்லயும் ஒரே எபிசோட்தான வரும்?”

பரிமளத்தின் கை சோற்றிலேயே நின்றது.

“நேத்து உங்க வீட்ல வந்ததை விவரமா சொல்லு,” என்றாள். “அவர்கிட்ட சொல்லிப் பாக்கறேன், சிரிக்கறாரான்னு.”