இரண்டு குரல் தாலாட்டு

“தாலாட்டா பாடுறாரு இந்த மனிசன்? தூங்குற புள்ளையும் எழும்பி அழும்!” என்றாள் கைரியா.

“உஷ்! மைக்ல விழும்.” முஹ்ஸின் வாயில் விரல் வைத்தான்.

கட்டுகஸ்தோட்டையில் அவர்களுடைய வீடுதான் ஸ்டூடியோ. ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினால் படுக்கையறை பாட்டு அறையாகிவிடும். பதிவு முடியும் வரை கைரியா குக்கரைக்கூட அடுப்பில் வைக்கக் கூடாது.

அன்று வந்திருந்தவர்கள் வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ராஜலிங்கமும் அவர் மனைவி நல்லம்மாவும். நல்லம்மா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். தாய்மார் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை அவள் தாலாட்டில்தான் அத்தனையும் தூங்கும்.

இந்த மாதத்தோடு அவளுக்கு வேலை முடிகிறது. புதிதாக வந்தவள் பாடினால் ஒரு பிள்ளையும் கண்ணை மூடவில்லை. “உங்க குரலையாவது குடுத்துட்டுப் போங்கக்கா” என்று கெஞ்சியிருந்தாள்.

முதலில் நல்லம்மாவைத் தனியாகத்தான் பாட வைத்தான் முஹ்ஸின். மைக்கைக் கண்டதும் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

“புள்ளைங்க முன்னால பாடுவேன் தம்பி. ஆளுங்க முன்னால வர மாட்டேங்குது. இவரும் கூடப் பாடட்டுமே.”

ராஜலிங்கம் அதற்கே காத்திருந்தவர் போல எழுந்தார். “நான் இல்லாம எங்க கோயில்ல பஜனையே இல்ல தம்பி. மைக்கும் வேணாம், மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும்.”

சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு மைக்கை வைத்து அவரை அங்கே நிறுத்தினான் முஹ்ஸின். இருவர் காதிலும் ஹெட்போன். ஒருவர் பாடுவது மற்றவருக்குக் கேட்கும். பதிவு மட்டும் தனித்தனி.

கணவர் குரல் காதில் விழுந்ததும் நல்லம்மாவுக்குப் பாட்டு வந்துவிட்டது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை.

“சத்தமா பாடு புள்ள!”

“ரொம்ப இழுக்காத!”

ஒவ்வொரு அதட்டலுக்கும் கைரியா முகத்தைச் சுளித்தாள்.

ஒருவழியாகப் பாடி முடிந்தது. நல்லம்மா முகம் கழுவப் போன நேரம், ராஜலிங்கம் குசினி வாசலில் முஹ்ஸினை ஓரங்கட்டினார்.

“தம்பி, ரெண்டு குரல்ல ஒண்ணுதான் இருக்கணும். மத்ததை அழிச்சிருங்க. அவளுக்குத் தெரிய வேணாம்.”

முஹ்ஸின் தலையாட்டினான். “சரி அண்ணே.”

உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த கைரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜலிங்கம் நகர்ந்ததும் கணவனைப் பிடித்தாள்.

“கேட்டீங்களா அந்தாள்ட பேச்ச? பாட்டு பொஞ்சாதிட பாட்டு. அதிலயும் இவர்ட தொண்டதான் கேக்கணுமாம்! நீங்களும் மண்டைய ஆட்டிட்டு நிக்கிறீங்க!”

“நல்லம்மாக்கா வாறாங்க, பேசாம இருங்க” என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் போய்விட்டான் அவன்.

ராஜலிங்கத்தின் முன் கோப்பையை டக்கென்று வைத்தாள் கைரியா. நல்லம்மாவின் கையில் பதமாகக் கொடுத்தாள்.

“பொம்பளைங்க இப்படி எல்லாத்துக்கும் வாய மூடிட்டு இருக்கப்படாது அக்கா.”

நல்லம்மா சிரித்தாள். “இன்னைக்கு வாயைத் திறந்துதானே பாடுனேன் தங்கச்சி!”

முஹ்ஸின் ஸ்பீக்கரைப் போட்டான்.

பாட்டு தொடங்கியது. வந்தது ஒரே ஒரு குரல்தான். கைரியா கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்தபடி நின்றாள்.

நல்லம்மா பதறிப்போய்த் திரும்பினாள். “ஏங்க, உங்க குரலைக் காணோமே!”

“என்னா வேலை பாக்குறீங்க தம்பி? என் மைக்கைப் போடவே மறந்துட்டீங்களா?” என்று முஹ்ஸினைப் பார்த்துச் சத்தம் போட்டார் ராஜலிங்கம். “திரும்பப் பாடவெல்லாம் நேரமில்ல, பஸ் போயிடும். அவ பாடுனதை மட்டும் குடுங்க!”