சுண்டுவுக்காக அழுதவர்கள்

சுண்டு செத்த அன்று மாலையே ஜெபஸ்டின் துக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டார். தூத்துக்குடியில் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிற மாத்திரைதான். இறந்தவரின் பெயரைச் சொல்லி விழுங்கினால் அந்த ஒரு துக்கம் மட்டும் போய்விடும், திரும்பி வராது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் சுண்டு என்கிற பூனைதான் பிள்ளை. இரண்டு பேரும் உடைந்துபோனால் யார் யாரைத் தேற்றுவது என்று அவர் நினைத்தார். மனைவி பிலோமினா தனக்கு மாத்திரை வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் புறவாசலில் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஜெபஸ்டின் ஏதோ செடி நட்டு முடித்தவர் போல மண்ணைத் தள்ளி மட்டமாக்கினார்.

"அது மொதல்ல நம்ம வீட்டுக்கு வந்த கதையச் சொல்லுங்களேன்," என்றாள் பிலோமினா.

மழையில் நனைந்து வந்ததையும், அவருடைய செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"போதும். யாரு வீட்டுப் பூனையப் பத்தியோ சொல்லுத மாதிரி இருக்கு."

"ஒனக்குத் தொணையா இருக்கணும்னுதான் போட்டேன், பிலோ."

"தெரியும். ஆனா இப்ப நான் தனியால்லா அழ வேண்டியிருக்கு."

பக்கத்து வீட்டு பரிதா இடுப்பளவு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுடைய மீன் சட்டியைச் சுண்டு எத்தனையோ முறை உருட்டியிருக்கிறது. விஷயம் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிலோமினா ஓடிப்போய் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஜெபஸ்டின் மண்வெட்டியோடு நின்றார். அந்தத் தோள் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற வருத்தம் மட்டும் அவருக்கு நன்றாகவே தெரிந்தது. பிறகு உள்ளே போய் இரண்டு பெண்களுக்கும் காப்பி போட்டார்.