எழுதாத வருகை

"இன்னிக்கு அந்த மனுஷனை விடறதா இல்லை!"

ஃபைலை மேசையில் பொத்தென்று போட்டாள் பில்லிங் அக்கா. அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் பில்லிங் அக்காதான்.

எதிரே வார்டு நர்ஸ் திருதிருவென்று விழித்தாள்.

"ஒன்பதாம் பெட் பேஷண்டை இதய டாக்டர் எத்தனை நாள் வந்து பார்த்தார்?"

"ஆறு நாளும் வந்தாருக்கா."

"ஃபைல்ல ஒரு நாள்தானே இருக்கு! கூப்பிட்டது யாரு, பார்த்தது என்ன, சொன்னது என்ன, மூணையும் அவர் எழுதினாத்தான் நான் அந்தக் கட்டணத்துக்கான கோடு நம்பரைப் போட்டு பில்லுல ஏத்த முடியும். எழுதலைன்னா வரலைன்னுதான் அர்த்தம். மருந்தைக்கூட வார்டு டாக்டர்தான் எழுதியிருக்கார். பேனா பிடிச்சா இவருக்குக் கை தேஞ்சுடுமா?"



இந்தக் கோபம் இன்று நேற்று வந்ததில்லை. போன வருஷம் பில்லிங் அக்காவின் அம்மா இதே ஆஸ்பத்திரி மாடியில் ஐசியூவில் பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்து, அப்படியே போய்ச் சேர்ந்தாள். மகளைச் சாயங்காலம் பத்து நிமிஷம்தான் உள்ளே விட்டார்கள். அம்மாவின் பில்லையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அவளேதான் போட்டாள். ஃபைலில் இதய டாக்டர் வந்ததாக இருந்தது ஒரே ஒரு நாள். பெத்தவளை அநாதை மாதிரி விட்டுட்டாரே என்று அவள் அழாத நாளில்லை.

"நிர்வாகத்துக்குக் கம்ப்யூட்டர்ல புகார் அடிச்சு வெச்சிருக்கேன். ஒரு தட்டு தட்டினா போயிடும். நாளைக்கே அவர் சீட்டு கிழியும்."

"வேண்டாம்க்கா!" நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்பதாம் பெட்காரர் மூட்டை தூக்கறவர். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் சம்சாரம் காதுல இருந்த தோட்டைக் கழட்டினதை டாக்டர் பார்த்துட்டார். அன்னியிலேர்ந்து தினம் வருவார், பார்ப்பார், எழுத மட்டும் மாட்டார். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"நல்லா கதை விடறே! அவ்வளவு இரக்கம் இருந்தா எங்கம்மாவை ஏன் எட்டிப் பார்க்கலை?"

நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப ஐசியூவுல நான்தான்க்கா இருந்தேன். பதினோரு நாளும் காலைல ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவார். முதல் நாள் மட்டும்தான் எழுதினார், அப்புறம் நீங்க யாருன்னு தெரிஞ்சதுலேர்ந்து எழுதலை. 'கீழே பில் போடற பொண்ணோட அம்மா. அவ சம்பளம் எனக்குத் தெரியாதா?'ன்னு சொல்லிட்டு, பேனாவை மூடிப் பையில வெச்சுக்குவார்."