தேரைக்கு ஒரு வக்கீல்

"கொளுத்தாதீங்கப்பா."

தீக்குச்சி விரலைச் சுடும்வரை அவன் அசையவில்லை. பிறகுதான் உதறினான். மரங்கள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. தோட்டத்து மூலையில் இடுப்பளவு சருகு. அதன் முன்னால் ஏழு வயது மகள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் கொளுத்தக் கூடாது?"

"உள்ளே தேரை தூங்குது."

குளிர் போனால்தான் அது எழுந்திருக்குமாம். கூடவே இரண்டு அரணைகளும் படுத்திருக்கின்றனவாம்.

அவன் விடவில்லை. வேறொரு குச்சி எடுத்தான். ஆனால் உரசவில்லை. அரணை கடித்தால் மரணம் என்பார்களே என்றான். தொட்டாலே வாலைப் போட்டுவிட்டு ஓடுகிற பயந்தாங்கொள்ளி யாரைக் கடிக்கப்போகிறது என்று கேட்டாள். தேரையால் நமக்கு என்ன லாபம் என்றான். செடியைத் தின்கிற பூச்சியையெல்லாம் தினமும் நீங்களா பிடிக்கிறீர்கள் என்றாள். அப்படியானால் அது கல்லிடுக்கில் போய்ப் படுக்கட்டும் என்றான்.

"உங்க போர்வையைப் பிடுங்கிட்டுக் கல்லுல படுக்கச் சொன்னா படுப்பீங்களா?"

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த எலெக்ட்ரீஷியன், ஏணிமேல் நின்று தன் வீட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கே பொறுக்கவில்லை.

"விடுங்க சார். சின்னப் பிள்ளைகிட்டப் போய் மல்லுக்கட்டிக்கிட்டு."

"நீங்க சும்மா இருங்க" என்றான், தலையைத் திருப்பாமலே. இவ்வளவு பரிந்து பேசுகிறாயே, தேரை உனக்கு மாமனா மச்சானா என்று மகளை மறுபடி சீண்டினான்.

சொந்தமாக இருந்தால்தான் பேச வேண்டுமா என்று அவள் எகிறினாள். மூச்சு வாங்க, முகம் சிவக்க, ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். பிறகு கையை நீட்டினாள். நீட்டிய கையில் தீப்பெட்டியை வைத்தான். அவள் ராஜ்யத்தைப் பிடித்தவள் போல அதைக் கொண்டு வீட்டுக்குள் போனாள்.

ஏணியிலிருந்து சிரிப்பு வந்தது.

"தவளை தன் வாயால கெடும்பாங்க. இது உங்க பொண்ணு வாயால பிழைச்சிடுச்சு. சரியான வாயாடி சார்."

அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

கோபித்துக்கொண்டானோ என்று எலெக்ட்ரீஷியன் இரண்டு படி கீழே இறங்கினார். கோடையில் அம்மாவைப் பறிகொடுத்த அன்று பேச்சை நிறுத்தியவள், எந்த டாக்டராலும் பேசவைக்க முடியாமல்போனவள், இன்று காலை அந்தத் தீக்குச்சியைக் கண்டுதான் வாய் திறந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது.