விரிசல் மேல் கோடுகள்

சரக்கு ரயில் யார்டில், நாற்பத்தோராவது வேகனின் பக்கத்தில் வெர்ன் நோவோட்னி முழங்காலிட்டு நான்கு நிமிடம் ஆகிவிட்டது.

ஒரு வேகனைச் சோதிக்க அனுமதி தொண்ணூறு வினாடி.

தோளில் தொங்கிய வாக்கி-டாக்கி கரகரத்தது.

“என்ன வெர்ன், அங்கேயே குடித்தனம் வச்சுட்டீங்களா? திரையில உங்க பேரு சிவப்பாயிடுச்சு.”

மேற்பார்வையாளன் கிரெய்க். கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வேகன் யார்டில் எத்தனை மணி நேரம் நின்றது, எந்த ஆள் எத்தனை நிமிடம் எடுத்தான் என்று பார்ப்பது அவன் வேலை. ஒரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தவனில்லை.

மாதக் கடைசியில் நேரப் பட்டியலின் அடியில் இருக்கும் இரண்டு பேருக்கு வேலை போகும். வெர்ன் அடியிலிருந்து மூன்றாவது.



சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மூலையில் விரிசல். ஒரு விரல் நீளம்.

மேலே தொட்டி நிறைய அமோனியா, கசிந்தால் ஊரையே கொல்லும் உரம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சோளம் விதைக்கும் காலம். இந்த வண்டி இன்று மாலைக்குள் பதினோரு ஊர்களின் நடுவே போகும்.

ஆனால் அவரை அங்கேயே நிறுத்தியது விரிசல் இல்லை. அதன் மேலிருந்த கோடுகள்.

மஞ்சள் மெழுகுச் சாக்பீஸ் கோடுகள். அந்தந்த நாளில் விரிசல் முடிந்த இடத்தில் குறுக்கே ஒன்று, பக்கத்தில் தேதியும் யார்டைக் குறிக்கும் எழுத்தும்.

சிவப்பு அட்டை கட்டினால் வேகன் நிற்கும். நேரம் ஏறும். கட்டியவன் பட்டியலில் இறங்குவான். சாக்பீஸைக் கம்ப்யூட்டர் பார்க்காது. அடுத்த யார்டுக்காரன் மட்டும் பார்ப்பான். துணிவிருந்தால் நீ கட்டு என்று அவனுக்குச் சொல்வது அது.

எவனுக்கும் இருக்கவில்லை. சுவரில் பிள்ளையின் உயரத்தைக் குறிப்பதுபோல் விரிசல் வளர வளரக் குறித்து, அனுப்பிவிட்டிருந்தார்கள்.

வெர்ன் சிவப்பு அட்டையை எடுத்தார். கம்பியை முறுக்கிய முறுக்கில் விரல் கிழிந்தது.

“நாப்பத்தொண்ணுக்கு அட்டை கட்டிட்டேன். சட்டம் விரிசல் விட்டுப் போச்சு. கழட்டி ஓரமாப் போடு.”

“யோவ், என்ன விளையாடுறீங்களா? ஒம்பது மணிக்கு இந்த வண்டி கிளம்பணும்!”

“இது இல்லாம கிளம்பட்டும். இல்லேன்னா நீயே வந்து அட்டையை அவுத்துட்டு, தொட்டி மேல உக்காந்து போ தம்பி.”

 கிரெய்க்கின் குரல் இறங்கியது.

“கோடு ஏதாவது இருக்கா அதுல?”

“மூணு தேதி இருக்கு. மூணு பேரு பாத்துட்டு விட்டிருக்கானுங்க.”

“அட, முதல்லயே சொல்றதுக்கென்ன! முதல்ல பாத்து விட்டவன் தலையிலதான் இந்த நேரம் மொத்தமும் ஏறும். அவன் வீட்டுக்குப் போவான், நீங்க தப்பிச்சீங்க. வாசிங்க, வாசிங்க.”

வெர்ன் வாசித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் ஏறியது.

“ஏப்ரல் பதினொண்ணு, இல்லினாய். கோழைப் பய. ஏப்ரல் அஞ்சு, மிசௌரி. அவனுக்கும் ஊருல புள்ளைகுட்டி இருக்கும்ல? மார்ச் இருபத்தெட்டு, கான்சஸ். ஒண்ணு போதாதுன்னு ரெண்டு கோடு போட்டிருக்கான். கட்டுறதுக்குக் கை வரலை, கோடு போட மட்டும் வருது. இவனுங்களையெல்லாம் தண்டவாளத்துல கட்டிப் போடணும்!”

“அதுக்கு முன்னாடி?”

விரிசல் தொடங்கும் இடத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. வெர்ன் கந்தல் துணியால் துடைத்தார்.

அங்கேயும் ஒரு கோடு. அது போடப்பட்டபோது விரிசல் ஒரு நக அகலம்தான் இருந்திருக்கும்.

மார்ச் பதினேழு. யார்டின் எழுத்து இல்லை.

ஏழின் நடுவே ஒரு சின்னக் குறுக்குக் கோடு.

ஏழை அப்படி எழுத அவருக்குச் சொல்லிக் கொடுத்தது செக் நாட்டிலிருந்து வந்த அவருடைய அப்பா. இந்த யார்டில் அப்படி எழுதுகிறவர் வேறு யாருமில்லை.

மார்ச் பதினேழை நினைத்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கும் இருநூறு வேகன் பார்த்திருப்பார்.

“வெர்ன்? இருக்கீங்களா? முதல்ல விட்டது யாரு?”

இரண்டு தடம் தள்ளி ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டு போனது. அது போய் முடிந்ததும் அவர் வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினார்.

“கான்சஸ்” என்றார்.