வலிவு உண்டு

காலை பதினொரு மணிக்குப் பதிவு திறந்ததும் ஐந்து பேருக்கு அனுமதியைப் பிடித்துவிட்டாள் ஷைனா.

அகத்தியமலைக்கு மூன்று நாள் நடை. வனத்துறையின் இணையதளத்தில் இடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகும். பாறசாலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஷைனாவின் விரல் அன்று முந்திக்கொண்டது. அவளையும் சேர்த்து ஐவருமே கேரள எல்லையோரப் பொழியூர் கடற்கரைக்காரர்கள்.

வழியையும் அவளே போட்டாள். விதுரை வரை பஸ். அங்கிருந்து ஜீப்பில் போணக்காடு. முதல் நாள் காட்டுவழியே அதிருமலை முகாம். மறுநாள் உச்சி ஏறி முகாமுக்குத் திரும்புவது. மூன்றாம் நாள் இறக்கம்.

"கடல்லே கிடக்கவனுக்கு மலையிலே என்ன சோலிண்ணு கேட்டானுவளே, இப்ப கேக்கச் சொல்லு" என்றார் பயஸ். ஐவரில் ஒருவனான ஷைஜுவின் அப்பா. ஷைஜு ஊர்ப் பந்தாட்ட அணியில் கோல் போடுகிறவன்.

மருத்துவச் சான்று மட்டும் பாக்கி. நால்வர் வாங்கியாயிற்று. ஷைஜுவை நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள் ஷைனா. பயஸும் வந்தார்.

டாக்டர் ஷைஜுவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார்.

"வலிவுண்டல்லோ" என்றார் மலையாளத்தில்.

பயஸின் முகம் மலர்ந்தது. "வலிவு இல்லாம இருக்குமா டாக்டரே? எனக்க மகனாக்கும்" என்று உரக்கச் சொல்லியபடியே திரையை விலக்கி வெளியே போனார். பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தாள் மீன்காரி அல்போன்சம்மா. "கேட்டியா? பையனுக்கு வலிவு உண்டுண்ணு டாக்டரே சொல்லுதாரு" என்றார் அவளிடம்.

ஷைனாவுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தமிழில் வலிவு என்றால் பலம். மலையாளத்தில் வலிவு என்றால் மூச்சிரைப்பு, இழுப்பு. பயஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு நீரோடியில் பிறந்து தமிழ்ப் பள்ளியில் படித்தவர். பெண் எடுத்த வகையில் பொழியூர்க்காரர் ஆனவர்.

டாக்டர் குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். இந்த வருடம் மலை வேண்டாம். இன்ஹேலர் மருந்தை ஒழுங்காக இழுத்தால் அடுத்த வருடம் தாராளமாகப் போகலாம்.

"ஷைனாக்கா, ஊரிலே தெரியண்டாம்" என்றான் ஷைஜு.

அவன் பயத்தில் நியாயம் உண்டு. பொழியூரில் ஒரு பட்டப்பெயர் விழுந்தால் கல்லறை வரை வரும். கோயில் திருவிழாவில் ஒருமுறை சறுக்கி விழுந்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் 'சறுக்கன் வீட்டுப் பிள்ளைகள்' என்றுதான் பெயர்.

அன்று சாயங்காலமே மீன் ஏலக்கரையில் பயஸின் குரல் கேட்டது. "வலிவு உண்டு. டாக்டர் ஒருக்கா இல்ல, ரெண்டு மட்டம் வச்சுப் பாத்தாரு."

மலைக்குப் போகிறவர்களில் ஷைஜு இல்லை என்று தெரிந்ததும், "பின்னே ஏன் அவன் போகல்லே?" என்று ஊர் கேட்டது.

ஷைனா முந்திக்கொண்டாள். "அவனுக்க ஆதார் நம்பரை நான் தப்பா அடிச்சுட்டேன். அவன் பாஸ் மட்டும் செல்லாமப் போச்சு."

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. "ஒரு நம்பர் ஒழுங்கா அடிக்கத் தெரியாது. அவளுக்கு ஒரு கடை, ஒரு போர்டு." பென்ஷன் மனுவோடு வந்த ரெண்டு பேர் வாசலோடு திரும்பி அடுத்த கடைக்குப் போனார்கள். ஷைனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நால்வரும் மலை ஏறித் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் அவர்களுக்குச் சால்வை போட்டார்கள். பயஸ் மைக்கைப் பிடித்தார். "எனக்க மகன் போயிருந்தா ஓடியே ஏறியிருப்பான். வலிவு அப்பிடி."

கூட்டத்தில் ஒருவன், "நம்பரை ஷைனா ஒழுங்கா அடிச்சிருந்தா நாங்களும் பாத்திருப்போம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குப் பொறுமை போயிற்று. பயஸைக் கொடிமரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

"மாமா, அந்த டாக்டர் சொன்ன வலிவு நீங்க நினைக்குத வலிவு இல்ல."

பயஸ் சுற்றிலும் பார்த்தார்.

"மெதுவாச் சொல்லு மக்கா. இருவத்தாறு வருசமா பெண்டாட்டி வாயிலே மலையாளம் கேக்கேன். வலிவு என்னண்ணு எனக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன் டாக்டருக்க முன்னே அப்பிடிச் சொன்னீங்க?" என்றாள் ஷைனா.

"திரைக்கு அந்தாலே அல்போன்சம்மா இருந்தா. அவ காதிலே வார்த்தை விழுந்தாச்சு, திருப்பி எடுக்க முடியுமா? அவ வாயைத் திறக்கதுக்கு முன்னே நான் அதைத் தமிழாக்கிட்டேன்."

"ஊரெல்லாம் பீத்தினது?"

"பீத்தல் பயஸ்ணு எனக்குப் பேர் வச்சாச்சு. இருக்கட்டும். அவனுக்கு இழுப்பன்ணு பேர் விழல்லியே. ஆனா நீ போய் நம்பர் தப்புண்ணு பழியை ஏத்துக்கிடுவேண்ணு நான் நினைக்கல்ல."

திரும்பிப் போய் மைக்கை வாங்கினார்.

"எலே, ஒரு காரியம். நம்பரைத் தப்பாச் சொன்னது நானாக்கும். ஷைனா நான் சொன்னதைத்தான் அடிச்சா. பீத்தத் தெரிஞ்சவனுக்கு ஒரு நம்பர் சொல்லத் தெரியல்லேண்ணு என்னைச் சிரியுங்க."

கூட்டம் அப்படியே செய்தது.

அடுத்த பருவத்தில், 2026 ஜனவரி 24 சனிக்கிழமை, ஷைஜு அகத்தியமலை உச்சி ஏறி முகாமுக்குத் திரும்பினான்.